வளைவில்லை

பால், வெண்ணெய், நேற்றைய சூப்
எல்லாம் பின்வாசல் படியில் கிடக்கின்றன.
குளிர்பெட்டியை அணைத்துவிட்டேன்.
அதன் முனகல் அடங்கினால்தான்
சமையல்மேசையின் நடுக்கம் அடங்கும்.

ஊர் எம்மெலோர்ட். கடலை இறைத்து எடுத்த நிலம்.
இங்கே மேடு என்றால் வேகத்தடைதான்.
பகலில் என் உத்தியோகம்
கால்வாய்களில் நீர்மட்டம் அளப்பது.
ஒரு விரற்கடை கூடினால்
யாரோ ஒருவரின் உருளைக்கிழங்கு அழுகும்.
இரவில் அளப்பது இன்னும் சின்னது.

விளக்கு, நெடுஞ்சாலையில் கழற்றிப் போட்டது.
வெள்ளை வந்ததும்
மஞ்சளையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள்;
ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.
அதன் வெளிச்சத்தில் தக்காளி சாம்பல்.
என் உதடு சாம்பல். வீபேயின் சிவப்புச் சட்டையும்.
ஒரே நிறம்தான் தெரியும் அதற்கு.
அதனால்தான் அதை நம்பலாம்.

ட்யாலிங் இரவல் கொடுத்த வில்லைமேல்
என் ஆடியைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
விரல் பட்ட இடமெல்லாம்
கண்ணாடியில் குன்றாய் எழும்பும்,
கரைய நாற்பது நிமிடம் ஆகும்.

வரிகள் வந்தன. கறுப்பு, மஞ்சள், கறுப்பு.
உழுத வயல்போல் நேர்.
போன வாரமும் இதே நேர்தான்.
தொலைநோக்கியில் மட்டும்
விண்மீனெல்லாம் பார்லி மணி:
குவியத்துக்கு முன்னால் நெடுக்கே நீண்டு,
தாண்டினால் குறுக்கே நீண்டு.

வீபேதான் கேட்டார், பல் துலக்கிக்கொண்டே:
“பள்ளத்தில் அதே அளவு மேடு உட்கார்ந்தாலும்
கோடு நேராய்த்தானே தெரியும்?”
வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.
நான் அங்கேயே நின்றேன்.

மூன்றாவதாக ஒன்று வேண்டும்.
இருந்தது. ஆண்ட்வெர்ப் பழம்பொருள் சந்தையில்
ஏழு யூரோ, எந்தக் கருவியின் சாளரமோ.
இரண்டு வருடமாய்
வீபேயின் பீர் கோப்பைக்கு அடித்தட்டு.
வட்டக் கறையைக் கழுவ மட்டும்
அரைமணி நேரம்.

என் ஆடியும் அடித்தட்டும்:
ஒன்றரை வரி வளைவு, சன்னல் பக்கம்.
ட்யாலிங்கின் வில்லையும் அடித்தட்டும்:
ஒன்றரை வரி வளைவு, கதவுப் பக்கம்.
மின்கட்டண உறையின் பின்புறம்
தெரியாத எண்கள் மூன்று, சமன்பாடுகள் மூன்று.
விடிவதற்குள் நாலுமுறை போட்டுவிட்டேன்.
எனக்குப் பள்ளம். அவருக்கு மேடு.
அடித்தட்டுக்குச் சுழி.

ஒன்றரை வரி என்றால்,
ஒரு தாளின் கனத்தை
இருநூற்றுச் சொச்சமாய்ச் சீவினால் ஒரு சீவல்.

பதினோரு வருடம் அந்த வில்லையில் வைத்துப் பார்த்துத்தான்
இந்த மாகாணத்தில் முப்பது பேர் ஆடி தேய்த்தோம்.
ஒருவரோடொருவர் அழகாய் ஒத்துப்போனோம்.

ஏழு மணிக்குத் தொலைபேசினேன்.
சொல்லி முடித்தேன்.
மறுமுனையில் கரண்டி
கோப்பையைச் சுற்றிச் சுற்றி வந்தது.
“எந்தப் பக்கம், கேஸ்கெ?”
“மேடு.”
“கடைசி நாள் அவசரப்பட்டேன்.
சூடு ஆறும் முன்பே சோதித்தேன்,” என்றார்,
நேற்று நடந்ததுபோல.
பிறகு: “முப்பது பேருக்கும் நானே சொல்கிறேன்.
நீ பட்டியலை மட்டும் அனுப்பு.”
வைக்கப்போய் மறுபடி எடுத்து:
“அந்த அடித்தட்டில் இனி யாரும்
எதையும் வைக்க வேண்டாம்.”

விளக்கை அணைத்தேன். தக்காளி சிவந்தது.
படியில் பால் உறைந்திருந்தது.
அதற்கு அப்பால் வயல், அடிவானம்வரை மட்டம்;
மட்டம் என்று நாங்கள் எழுதிவைத்திருப்பது.
முதல் கிலோமீட்டரிலேயே
எட்டு சென்டிமீட்டர் பூமி கீழே வளைகிறது.
சம்பளத்துக்கு நானே அதைக் கழிக்கிறேன்.

சாயங்காலம் வீபே
நுரை வழியும் கோப்பையைப் பிடித்தபடி
மேசையருகே நெடுநேரம் நின்றார்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.